மூன்றாவது இழுவை

எனக்குத் தோற்கத் தெரியாது. இதை நல்ல குணம் என்று சொல்ல வரவில்லை. முதலிலேயே சொல்லாவிட்டால் மீதிக் கதை பொய்யாகிவிடும். அலுவலகப் படிக்கட்டில் யாராவது என்னை முந்தி ஏறிவிட்டால், அடுத்த நாள் அந்த ஆள் வரும் நேரம் பார்த்து நின்று, முந்தி ஏறிவிட்டுத்தான் கதிரையில் உட்காருவேன். நாற்பத்து நாலு வயதில் இப்படியும் ஒரு மனுசி என்று என் கணவர் சிரிப்பார். அவருடைய அக்கா சிரிக்க மாட்டார்.

அந்த அக்காவை நான் மச்சாள் என்று கூப்பிடுவேன். சல்லி என்கிற மீன்பிடிக் கிராமத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, காலையில் கருவாடு காயப்போடுவதும் பின்னேரம் அதை அள்ளுவதுமாக இருக்கிறவர். அவருடைய அப்பாவுக்கு, கரையில் நின்று ஆட்கள் கயிறு பிடித்து இழுக்கிற கரைவலை இருந்தது. பெண்கள் வலை இழுப்பது வழக்கமில்லை. ஆனால் ஆள் குறைந்த நாட்களில் அப்பா மூத்த மகளைத்தான் கூப்பிட்டிருக்கிறார். அப்படிப் பத்து வயதில் பிடித்த கயிற்றை ஐம்பதை நெருங்கியும் மச்சாள் விடவில்லை. சல்லிப் பெண்களின் கயிறிழுத்தல் அணிக்குத் தலைவி அவர்தான், பயிற்சி கொடுப்பதும் அவர்தான். எட்டுப் பேரில் கடைசி ஆளாக, கயிற்றை முதுகோடு சுற்றிக்கொண்டு நிற்பதும் அவர்தான்.

அந்த அணிக்குள் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. கலியாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் குடும்பத்தில் எனக்குச் சோற்றிலும் மரியாதையிலும் ஒரு குறையும் வைக்கவில்லை. நான் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போவதைப் பற்றி யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அம்மன் கோயில் திருவிழாவுக்கு நான் வராவிட்டால்தான் சொல்வார்கள். ஆனாலும் நான் டவுனில் ஓர்ஸ் ஹில்லில் இருக்கிற, கோப்புக் கட்டோடு கிடக்கிற மருமகள். போனவுடன் கதிரை போடுவார்கள், தேத்தண்ணி வரும். எனக்குக் கதிரை வேண்டியிருக்கவில்லை. கயிற்றில் ஓர் இடம் வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் நான் பலமில்லாதவள் இல்லை. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு எனக்கு இடுப்பு நோ வந்து, குனிந்து ஒரு வாளி தண்ணீர் தூக்க முடியாமல் போனது. டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் இருந்த சின்ன ஜிம்மில் சேர்ந்தேன். அங்கேதான் கெட்டில்பெல்லை முதன்முதலாகக் கண்டேன். ஓர் இரும்புக் குண்டு, அதன் தலையில் ஒரு பிடி, அவ்வளவுதான். அதை இரண்டு கையாலும் பிடித்து, தொடைகளுக்கு நடுவே பின்னுக்குப் போகவிட்டு, இடுப்பை ஒரே வெட்டாக முன்னுக்குத் தள்ளி நெஞ்சளவுக்கு வீச வேண்டும். பார்ப்பவர்களுக்கு அது கைவேலை மாதிரித் தெரியும். உண்மையில் கைக்கு அதில் வேலையே இல்லை. முழங்காலை மடக்கிக் குந்துவதும் இல்லை. கையில் சட்டியோடு வருகிறவள் குசினிக் கதவைப் பின்பக்கத்தால் இடித்துச் சாத்துவதுபோல இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி மடிய வேண்டும். குண்டு மேலே வந்ததும் ஒரு கணம் நிறையே இல்லாமல் மிதக்கும். அந்தக் கணத்தில் அதை அதன்பாட்டில் விட வேண்டும். இழுத்துப் பிடிக்கக் கூடாது, பின்னுக்குச் சாயக் கூடாது. சாய்ந்தால் இடுப்புத்தான் பழுது.

இதைப் பிழையில்லாமல் செய்ய எனக்கு ஐந்து மாதம் எடுத்தது. நோ போனது. பிறகு கொழும்புக்குப் போனபோது பன்னிரண்டு கிலோவில் ஒன்றும் பதினாறு கிலோவில் ஒன்றும் வாங்கி, பழைய சீலையில் சுற்றிப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தேன். உதவி செய்வதாகப் பையைத் தூக்கப்போன கண்டக்டர் பாதியில் அதைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். எந்தச் சான்றிதழும் எனக்கு அப்படி ஒரு சந்தோசத்தைத் தந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சல்லிக்குப் போனேன். கடற்கரையில் பெண்கள் நாலு நாலு பேராகப் பிரிந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"மச்சாள், நானும் ஒருக்கா இழுத்துப் பாக்கட்டோ?"

"உமக்கேன் இந்த வேலை? கை காய்ச்சுப்போம்."

"காய்ச்சுத்தான் கிடக்கு" என்று உள்ளங்கைகளை நீட்டினேன்.

எதனால் என்று கேட்டார்கள். சொன்னேன். இரும்புக் குண்டு, பிடி என்று நான் விளக்க, "சுடுதண்ணி வைக்கிற கேத்தில் மாதிரியோ?" என்று ஒருத்தி கேட்டாள். அன்றைக்கே பெயர் விழுந்துவிட்டது. எனக்கு 'கேத்தில் அக்கா' என்று பெயர்.

என்னை மூன்றாவது ஆளாக விட்டார்கள். பலத்தைக் காட்டுகிற அவசரத்தில் நான் இடுப்பை வெட்டி வெட்டி இழுத்தேன். ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. எங்கள் பக்கம் நாலு பேரும் முன்னுக்கு இழுபட்டு, நான் முகங்குப்புற விழுந்தேன். பல்லுக்குள் மணல்.

மச்சாள் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். "குத்திக் குத்தி இழுக்கிறீர். நீர் குத்தேக்க கயிறு துள்ளுது. துள்ளேக்க மற்றாக்களுக்குக் கால் வழுக்குது. கயிறு எண்டா ஒருக்கா இறுக்கினா இறுக்கினபடி நிக்க வேணும். உம்மட இரும்பு உம்மை எதிர்த்து இழுக்குமோ?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் சொன்னது சரி என்பதால் அது இன்னும் கூடியது.

அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் எங்களுக்குள் ஒரே வழக்கு. மச்சாள் பாயில் மீனைப் பரப்பிக்கொண்டே வழக்காடுவார், நானும் குந்தியிருந்து பரப்பிக்கொண்டே மறுப்பேன். முதலில் உடம்பைப் பொதுவாகப் பலப்படுத்த வேண்டும், மூச்சைப் பெருக்க வேண்டும், பிறகுதான் எந்த விளையாட்டும் என்பது என் கட்சி. கயிறிழுக்கக் கயிறுதான் பயிற்சி, மற்றதெல்லாம் நேரத்தைத் துலைக்கிற வேலை என்பது அவர் கட்சி.

"கேத்தில் தூக்கிப் பழகினா நல்லாக் கேத்தில் தூக்கலாம்" என்பார். "வலை இழுக்கிற ஆம்பிளையள் எந்த ஜிம்முக்குப் போனவை?"

அவருடைய பயிற்சி எளிமையானது. கயிற்றின் ஒரு நுனியைத் தென்னை மரத்தில் கட்டுவார். எட்டுப் பேரும் மறு நுனியில் சரிந்து தொங்குவார்கள். அவர் நூறு எண்ணும்வரை ஒருத்தியும் அசையக் கூடாது. நான் அதைப் பார்த்தேன். நேர்மையாகச் சொன்னால், அந்தப் பெண்கள் மரத்துக்கே மரமாக நின்றார்கள். என்னால் நாற்பதுக்கு மேல் முடியவில்லை. ஆனால் எனக்கு வேறொன்றும் தெரிந்திருந்தது. மாவட்டப் போட்டியில் மூன்று இழுவை. இரண்டில் வென்றால் வெற்றி. சல்லிப் பெண்கள் முதல் இழுவையை எப்போதும் வெல்வார்கள். இரண்டாவதில் தடுமாறுவார்கள். மூன்றாவதில் கந்தளாய் அணிப் பெண்கள் அவர்களைச் சாக்கை இழுப்பதுபோல இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இறுதிப் போட்டிவரை போவதும், அங்கே மூன்றாவதில் தோற்றுத் திரும்புவதுமாக வருசங்கள் போயிருந்தன.

ஒருநாள் வாய் தாங்காமல் கேட்டுவிட்டேன்.

"கயிறிழுக்கக் கயிறு மட்டும் காணுமெண்டா, ஏன் மச்சாள் மூண்டாவதில தோக்கிறீங்கள்?"

பெண்கள் எல்லோரும் மீனைப் பார்த்தார்கள். நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை.

"மரம் களைக்காது மச்சாள். கந்தளாய்ப் பெண்டுகள் களைப்பினம். அவை களைக்கும் மட்டும் எங்களுக்கு மூச்சு இருக்க வேணும். மரத்தில தொங்கி அந்த மூச்சு வராது."

மச்சாள் வெறும் கூடையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போனார். இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அந்த இரண்டு கிழமையும் நான் ஓர்ஸ் ஹில் வீட்டில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்துகொண்டு திரிந்தேன். மூன்றாவது கிழமை கணவர் சல்லிக்குப் போய்வந்து, சட்டையைக் கழற்றியபடி சாதாரணமாகச் சொன்னார்: "அக்கா கேட்டவ. அந்தக் கேத்திலைக் கொண்டுவரட்டாம்."

ஸ்கூட்டியின் கால்வைக்கிற இடத்தில் இரண்டு குண்டையும் வைத்துக்கொண்டு நான் போன வேகத்தை அவர் பார்த்திருந்தால் சாவியைப் பறித்திருப்பார்.

மச்சாளின் ஒப்பந்தம் சுருக்கமானது. கிழமையில் இரண்டு நாள் கயிறு, இரண்டு நாள் இரும்பு. இரும்பு நாளில் நான் சொல்வதை அவர்கள் கேட்க வேண்டும், கயிறு நாளில் அவர் சொல்வதை நான் கேட்க வேண்டும். "உமக்கு அணியில இடம் தாறன் எண்டு நான் சொல்லேல்லை. விளங்குதோ?" என்றார். விளங்கியது என்றேன்.

சல்லிப் பெண்களுக்கு வீச்சுப் பழக்குவது ஒரு மணித்தியால வேலை என்று நினைத்திருந்தேன். மீன் கூடை சுமந்த இடுப்பு, கயிறிழுத்த கால். எனக்கு ஐந்து மாதம் எடுத்ததை இவர்கள் ஐந்து நாளில் செய்வார்கள் என்றுதான் கணக்குப் போட்டேன். ஐந்து கிழமை போயும் வரவில்லை. குண்டு மேலே வந்ததும் எல்லோரும் ஒரே பிழையைச் செய்தார்கள். மிதக்க வேண்டிய நேரத்தில் அதை இறுக்கி, நெஞ்சை நிமிர்த்தி, பின்னுக்குச் சாய்ந்து இழுத்தார்கள். மணலில் அவர்களுடைய குதிக்கால்கள் புதைந்தன. மிதக்க விடுங்கள், சாயாதீர்கள் என்று கத்திக் கத்தி என் தொண்டை கட்டிவிட்டது. இரண்டு பேருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நான் இடுப்பெலும்பின் படம் கீறிக் காட்டினேன். போனில் வீடியோ காட்டினேன். தலையாட்டிப் பார்த்துவிட்டு, எழும்பிப் போய் மறுபடியும் சாய்ந்தார்கள்.

எனக்குப் பிறகுதான் புரிந்தது. கடலை நம்பி வாழ்கிற வீட்டில் நடக்கப் பழகும்போதே சொல்லிக்கொடுக்கிற பாடம், கையில் பிடித்த கயிறு தளரக் கூடாது என்பது. வலைக் கயிறு தளர்ந்தால் மீன் சேர்கிற மடி திரும்பும், மீன் போகும், பின்னுக்கு நிற்கிறவரின் கை கிழியும். அந்தக் கைகளிடம் போய், பிடித்த பாரத்தை ஒரு கணம் தளர விடு என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்களுடைய காது கேட்டாலும் கை கேட்கவில்லை.

மச்சாள் அத்தனை நாளும் கரையேற்றி வைத்த வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் தோற்கிறதை ரசிக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆறாவது கிழமை எழும்பி வந்து, சீலைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"மீன் பெட்டி லொறியில ஏத்திறம் எல்லோ. ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு, ஒண்டு, ரெண்டு எண்டு ஆட்டி, மூண்டில போடுறம். கையாலயா தூக்கிறனாங்கள்? இடுப்பாலதானே ஆட்டிறனாங்கள். மேல போனாப் பெட்டி தானா லேசாகும். அந்த நேரம் ஆராவது பிடிச்சு இழுப்பினமோ? உதையும் அப்பிடிச் செய்யுங்கோ."

முதலில் எடுத்தவள் மூன்றாவது வீச்சில் சரியாகச் செய்தாள். குண்டு மேலே போய், நின்று, லேசாகி, தானாக இறங்கியது. அவள் சாயவில்லை. அடுத்தவளும் செய்தாள். அரை மணித்தியாலத்தில் எல்லோரும் செய்தார்கள். எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது பொறாமைதான். நான் எலும்புப் படம் கீறிக் கிழித்ததை இந்த மனுசி ஒரு மீன் பெட்டியை வைத்து முடித்துவிட்டார். வீட்டுக்குப் போகிற வழியில்தான், இப்படி ஒரு தலை எங்கள் குடும்பத்தில் இருக்கிறதே என்று பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. இருபது வீச்சு, இளைப்பாறல், மறுபடி இருபது. பிறகு ஈர மணலில் ஓட்டம். கயிறு நாளில் நான் கயிறு படித்தேன். குதிக்காலால் குழி தோண்டி, உடம்பைப் பலகை மாதிரி நீட்டிச் சரித்து, கயிற்றைக் கக்கத்துக்குள் வைத்து, அசையாமல் கிடக்கப் படித்தேன். நாற்பது எண்பதானது, பிறகு நூறு. ஒருநாள் மச்சாள் என்னைத் தனக்கு முன்னால், ஏழாவதாக நிறுத்தினார். அப்படி நின்றபோது அவருடைய மூச்சு என் பிடரியில் கேட்டது. முதல் இழுவையில் சீராக இருக்கும். மூன்றாவதில் விசில் மாதிரிச் சத்தம் வரும். வீச்சுப் பயிற்சிக்கும் அவர் மற்றவர்களைவிடப் பிந்தித்தான் வந்தவர். நான் அதைப் பற்றி யாருக்கும் வாய் திறக்கவில்லை.

போட்டி நாள் காலை மைதானத்தில் நிறை பார்த்தார்கள். எட்டுப் பேரின் மொத்த நிறைக்கு ஓர் எல்லை உண்டு. இரும்பு பிடித்த பசியில் எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறோம். ஆறு கிலோ கூடிவிட்டது. ஒரு மணித்தியாலத்துக்குள் ஆளை மாற்றாவிட்டால் இழுக்க முடியாது என்றார்கள். மேலதிகமாக வந்திருந்தவள் அப்பம் சுட்டு விற்கிற ஒரு மெல்லிய பெண். அவளும் எங்களோடு எல்லாப் பயிற்சியும் செய்தவள். எனக்கும் அவளுக்கும் வித்தியாசம் ஏழு கிலோ. கணக்கு எல்லோருக்கும் விளங்கியது. ஏழு பேரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

எனக்குக் கண் கலங்கியது, மறைக்கவில்லை. சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன். மச்சாள் மேசைக்குப் போய் அதிகாரியிடம் பேனையை வாங்கினார். பட்டியலில் ஒரு பெயரை வெட்டி, அந்த மெல்லிய பெண்ணின் பெயரை எழுதினார். நான் போய்ப் பார்த்தேன். வெட்டியிருந்தது அவருடைய பெயர். அவர் என்னைவிடப் பாரம், அப்படியும் கணக்குச் சரிவரும்.

"உங்களுக்கென்ன விசரோ?" என்று கேட்டேன். அத்தனை வருசத்தில் அவரிடம் நான் அப்படிக் கதைத்ததில்லை.

"கடைசியில நீர் நில்லும்" என்றார். "கயிறு சுத்தத் தெரியும்தானே?"

"நீங்கள் இல்லாமல் ஏலாது மச்சாள்."

"நேரம் போகுது. கையைத் துடையும்."

இறுதிப் போட்டி வழக்கம்போலக் கந்தளாய்ப் பெண்களோடு வந்தது. முதல் இழுவையை வென்றோம். இரண்டாவதில் என் குழி உடைந்து கால் வழுக்கியது, தோற்றோம். மூன்றாவதற்குப் பக்கம் மாறும்போது எங்கள் பெண்களின் முகத்தைப் பார்த்தேன். பழைய தோல்வியெல்லாம் அந்த முகங்களில் வந்து நின்றது. மச்சாள் வரிசையின் ஓரமாக நடந்து ஒவ்வொருத்தியின் குழியையும் பார்த்தார். என்னிடம் வந்ததும் குனிந்து, என் முதுகில் கயிறு படிந்த இடத்தை விரலால் சரிசெய்துவிட்டுப் போனார்.

இழுவை தொடங்கியது. இரண்டு பக்கமும் அசையவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தொடை எரிந்தது, கை மரத்தது. ஆனால் மூச்சு இருந்தது. எனக்கு மட்டுமில்லை, முன்னால் இருந்த ஏழு பேருக்கும் இருந்தது; முதுகுகள் ஒரே மாதிரி ஏறி இறங்குவதைக் கண்டேன். பிறகு கயிற்றில் ஒரு நடுக்கம் வந்தது. அது எங்களுடையது இல்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. மச்சாளுக்கு அது என்னைவிட முந்தித் தெரிந்திருக்க வேண்டும். கயிற்றில் கை வைக்காமலே அவர் அதைக் கண்டுபிடித்தார்.

"இப்ப" என்றார்.

எட்டு இடுப்பும் ஒன்றாக வெட்டின. ஒருத்தி தனியாக வெட்டினால் கயிறு துள்ளும். எட்டுப் பேர் ஒன்றாக வெட்டினால் கயிறு வரும். அவர் மறுபடி "இப்ப" என்றார். மறுபடியும் வந்தது. ஒவ்வொரு முறையும் ஓர் அடி. கடைசி முறை என் முதுகு மண்ணில் பட்டபோது, நடுவரின் கை எங்கள் பக்கம் காட்டியது. ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்து அழுதோம், சிரித்தோம். என்னைக் கட்டிப் பிடித்த கைகளில் கருவாட்டு மணம்.

மச்சாள் கோட்டுக்கு வெளியே நின்றார். நான் ஓடிப் போனேன்.

"நீங்கள் நிண்டிருந்தாலும் வெண்டிருப்பம் மச்சாள்."

"இல்லை" என்றார், மீன் விலை சொல்கிற மாதிரி. "நான் நிண்டிருந்தா மூண்டாவதில துலைஞ்சிருப்பம். எனக்கு மூச்சுக் காணாது. உமக்குத் தெரியும், நீர் எனக்கு முன்னால நிண்டனீர்தானே. உம்மட இரும்பு சரி. அதாலதான் விலகினனான்."

அந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை ஞாயிறு வழக்காடியிருக்கிறேன். அது கிடைத்தபோது எனக்கு வேண்டாமென்று இருந்தது. ஒவ்வொரு வருசமும் தோற்ற கயிற்றின் கடைசியில் நின்றவர், வெல்லப்போகிற கயிற்றை என் முதுகில் சுற்றிவிட்டிருக்கிறார். நான் பதிலுக்கு ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். "அந்த 'இப்ப' நீங்கள் சொன்னது. அது கேத்திலில வராது" என்றேன். "அது வராதுதான்" என்று ஒத்துக்கொண்டார். எட்டுப் பதக்கம்தான் கொடுத்தார்கள். என்னுடையதை நீட்டினேன். இழுத்தவைக்குத்தான் பதக்கம் என்று திருப்பித் தந்தார், நான் வற்புறுத்தவில்லை. அவர் ஒரு முடிவை எடுத்தால் எடுத்ததுதான்.

பொழுது சாய்கிற நேரம், எங்களை ஏற்றிவந்த வான் சல்லிக்கு வந்து சேர்ந்தது. ரோட்டோரத்தில் சனம் நின்றது. யாரோ ஒரு கிழவர் யன்னலுக்குள் தலையை நீட்டி, மச்சாளை அந்தப் பட்டியலில் காணவில்லையாமே, அப்படியென்றால் கடைசியில் யார் நின்றது என்று கேட்டார்.

மச்சாள் என் தோளில் கையை வைத்து, ரோட்டில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: "இவதான் நிண்டவ. எங்கட ஆள்."